சுடுகாட்டில் அறைந்த முரசு

வெண்காட்டு நாட்டை வில்லவராயர் ஆண்டபோது, எல்லைச் சண்டை ஒன்றில் பதினேழு வீரர்கள் அம்பு பாய்ந்து படுக்கையில் விழுந்தார்கள். அத்தனை பேர் கையிலும் புத்தம்புதுக் கேடயம் இருந்தது.

மன்னர் அவைப்புலவர் சாத்தையரை அழைத்தார். அரண்மனைக் கொள்முதல் ஒழுங்காக நடக்கிறதா என்று மூன்று நாளில் சொல்ல வேண்டும்; ஆதாரமில்லாமல் யார்மீதாவது பழி சொன்னால் நாட்டைவிட்டே போக வேண்டும் என்றார்.

சாத்தையர் பண்டகசாலைக்குப் போனார். பண்டகசாலை அதிகாரி அரங்கேசர் மன்னரின் தாய்வழி உறவு. அவர் சிரித்த முகத்தோடு, கேடயம் வாங்கிய ஓலைக்கட்டைப் பிரித்துக் காட்டினார். முரசறைந்து அறிவித்தாயிற்று, தகுதிகளை எழுதியாயிற்று, வந்ததில் குறைந்த விலையை எடுத்தாயிற்று. வந்ததே ஒரு விலைதான் என்பது வேறு விஷயம்.

தகுதிகளைப் படித்தார் சாத்தையர். கேடயம் செய்பவர் வடக்கு வீதிக்காரராக இருக்க வேண்டும். வீட்டில் இரண்டு கிணறு வேண்டும். இடது காதில் மட்டும் கடுக்கன் வேண்டும். நாட்டிலேயே அப்படி ஒருவர்தான் இருந்தார், அரங்கேசரின் மைத்துனர்.

முரசறைபவனைத் தேடிப்போய் விசாரித்தார். சுடுகாட்டில் அறையச் சொன்னார்கள், அறைந்தேன் என்றான் அவன். கேட்டவர் யாரும் எழுந்து வரவில்லையாம்.

மூன்றாம் நாள் சாத்தையர் அவையில் எழுந்தார்.

"மன்னா, எல்லாம் விதிப்படிதான் நடந்திருக்கிறது."

அரங்கேசர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"அதே விதிப்படி நானும் ஓர் ஆளை எடுத்திருக்கிறேன். புதுக் கேடயத்தோடு வில்லாளியின் எதிரே பத்தடியில் நிற்க ஆள் வேண்டியிருந்தது. முரசும் அதே இடத்தில் அறைந்தாயிற்று. இடுப்பில் பண்டகசாலைச் சாவி தொங்க வேண்டும், மைத்துனர் கேடயம் செய்பவராக இருக்க வேண்டும் என்று தகுதி வைத்தேன். ஒருவர்தான் தேறினார்."

மன்னர் தலையசைத்தார். கேடயம் அரங்கேசர் கைக்கு வந்தது. எதிரே வில்லாளி நாணேற்றினான். அரங்கேசருக்கு வேர்த்துக் கொட்டியது.

"இது அநியாயம், மன்னா. முரசறைந்தது எனக்குத் தெரியவே தெரியாது. ஆளைப் பார்த்துவிட்டுத் தகுதி எழுதியிருக்கிறார். இந்தக் கேடயம் வெறும் முருங்கை மரம், அம்பு தாங்காது."

சாத்தையர் ஓலை எழுதுபவரிடம் திரும்பினார்.

"ஐயா சொன்னதை ஓர் எழுத்து விடாமல் எழுதிக்கொள்ளும். நான் கொடுக்க வேண்டிய அறிக்கை அதுதான்."

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றிச் சாத்தையருக்குப் போட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அரங்கேசரை அதே கேடயத்தோடு எல்லைக்காவலுக்கு அனுப்பினார்.