தலைப்பாகைக்கு முளைத்த வால்

ஒரு காலத்தில் மாந்தோப்பு நாட்டைச் செண்டலங்கார ராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் சொன்னது மாலையில் அவனுக்கே நினைவிருக்காது. அவனிடம் குப்பை கொட்டிவந்த பாவப்பட்ட மந்திரியின் பெயர் அனந்தப்பர்.

ஒருநாள் ராஜா பரிவாரத்தோடு நந்தவனத்தில் உலாவினான். சருகுக்குள் மஞ்சளாக ஒரு புழு நெளிந்தது. நின்றது. மறுபடி நெளிந்தது. ஒரு தவளை தொபுக்கென்று அதன்மேல் பாய்ந்தது. அவ்வளவுதான், சருகோடு சருகாகக் கிடந்த விரியன் குட்டி தவளையைக் கவ்விக்கொண்டது.

"புழு எங்கே போச்சு?" என்றான் ராஜா.

"அது புழுவே இல்லை மகாராஜா, பாம்பின் வால் நுனி. ஆட்டி ஆட்டித் தவளையை விருந்துக்குக் கூப்பிட்டது," என்றார் அனந்தப்பர்.

படைக்குத் தலைவரான தளவாய் கோனேரி கடகடவென்று சிரித்தார். மந்திரியின் சரிகைத் தலைப்பாகை மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். "தவளைக்குப் புத்தியில்லை, ஏமாந்தது. மூளையுள்ள மனுஷன் எவனாவது வாலைப் பார்த்து வாயில் போய் விழுவானா?"

"தவளையைவிடச் சீக்கிரம் விழுவான், தளவாயே."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ராஜாவுக்கு விளையாட்டுப் புத்தி கிளம்பிவிட்டது. "அப்படியா சேதி! நாளைக்குச் சபை கூடுவதற்குள் தளவாயை வாலைக் காட்டி ஏமாற்று. முடியாவிட்டால் உன் தலைப்பாகை அவர் தலைக்கு!"

தலைப்பாகை போனால் பதவியும் போச்சு. அனந்தப்பர் ராத்திரி முழுக்க யோசித்தார்.

மறுநாள் காலை சிம்மாசனத்துக்குப் பின்னாலிருந்த திரைக்குள் ராஜாவை உட்காரவைத்தார். "சத்தம் போடாமல் வெற்றிலை மென்றுகொண்டிருங்கள் மகாராஜா." தானும் பக்கத்தில் குந்தி, தலைப்பாகையின் வாலை உருவி, சரிகை நுனியைத் திரைக்கு அடியில் வெளியே தள்ளினார்.

தளவாய் முதல் ஆளாக வந்தார். தலையில் ஒன்றும் கட்டவில்லை. புதுசுக்கு இடம் வேண்டுமே! சரிகை ஆடுவதைக் கண்டு நின்றார்.

"மந்திரி போட்டுவிட்டு ஓடிவிட்டான் போலிருக்கிறது," என்று முனகினாரே தவிர, கிட்டே வரவில்லை.

அனந்தப்பர் இன்னும் வேகமாக ஆட்டினார். தளவாய் ஓரடி பின்வாங்கினார். கெட்டது குடி! அப்போதுதான் மந்திரிக்கு உறைத்தது: அந்தக் குட்டிப் பாம்பு ஓயாமல் ஆட்டவில்லையே, நிறுத்தி நிறுத்தியல்லவா ஆட்டியது! கையை நிறுத்தினார். பிறகு மெதுவாக, கொஞ்சமே கொஞ்சம் உள்ளே இழுத்தார்.

"ஐயோ, எவனோ கொண்டுபோகிறானே!"

தளவாய் குப்புறப் பாய்ந்து சரிகையைப் பிடித்தார். போன வேகத்தில் தலை திரைக்குள் நுழைந்தது. மூக்குக்கு நேரே வெற்றிலைச் சிவப்போடு திறந்திருந்தது ராஜாவின் வாய்.

"வாரும் தளவாயே! புழு ருசியாக இருக்கிறதா?"

"தூ... தூசி தட்டலாமென்று..."

"தவளையைப் போய்ப் புத்தியில்லாதது என்றீரே," என்றார் அனந்தப்பர். "அதற்காவது பசி."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். அவிழ்ந்த தலைப்பாகையைத் தளவாய் கையாலேயே மந்திரிக்குக் கட்டவைத்தான். தன் முத்துமாலையையும் கழற்றி அவர் கழுத்தில் போட்டுவிட்டு, காதோடு கேட்டான்: "அனந்தப்பா, என்னை யாராவது இப்படி வாலாட்டி இழுக்க முடியுமா?"

"தாங்கள்தான் சூரியன், தாங்கள்தான் சந்திரன் என்று தளவாய் தினமும் பாடுகிறாரே மகாராஜா, அதை என்னவென்று நினைத்தீர்கள்?"

ராஜா வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டான். அன்றுமுதல் சபையில் எவன் புகழ ஆரம்பித்தாலும், மறக்காமல், "வால் ஆடுவது தெரிகிறது, முதலில் தலையைக் காட்டு!" என்பான்.