எறும்புகள் எதிர்ப்பட்டால் முகம் தொடுவது ஏன்?

எறும்புகள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், அவற்றின் பாதைகள் எல்லாம் ஒருவழிப் பாதைகள். இரைக்குப் போகிறவர்கள் வழிநெடுக வாசனை வைத்துக்கொண்டே போவார்கள். போன வழியில் திரும்புவது குற்றம். திரும்புவதற்கென்று சிலர் புதுப் பாதை போட வேண்டும். அதுவரை மற்றவர்கள் போன இடத்திலேயே காத்துக் கிடப்பார்கள். எந்தப் புண்ணியவதி போட்ட சட்டமோ, ஏனென்று ஒருத்தியும் கேட்டதில்லை.

ஒருநாள் செம்பி என்ற எறும்பு, பனையடியில் பதநீர் சிந்திய இடத்தில் இருந்தாள். மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. புற்றின் அடியறையில் அவள் பொறுப்பில் முட்டைகள் இருந்தன. மழைக்கு முன் மேலே ஏற்றாவிட்டால் அத்தனையும் போய்விடும்.

"திரும்புற பாதை இன்னும் போடலை. பொறுடி" என்றாள் தோழி நெட்டச்சி.

"மழை பொறுக்குமா? வந்த பாதைதான் இருக்கே! ஒவ்வொரு அடியையும் திருப்பிப் போட்டா புத்துக்குத்தானே போகணும்?"

"ஒரு அடி விட்டாலும் தொலைஞ்சே போவே."

செம்பி கிளம்பிவிட்டாள். வரும்போது ஏறிய கல்லில் இறங்கினாள். இறங்கிய வேரில் ஏறினாள். வழி பிசகவே இல்லை. பாதி தூரத்தில்தான் திகைத்து நின்றாள். வரும்போது அங்கே வேறொரு புற்றின் பாதை வந்து சேர்ந்திருந்தது. சேருகிற இடத்தில் யோசிக்க என்ன இருக்கிறது, பேசாமல் நடந்திருந்தாள். இப்போது அதே இடம் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. இரண்டிலும் வாசனை ஒன்றுபோலவே இருந்தது. முதல் துளி விழுந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

இடப்பக்கப் பாதையில் ஒருத்தி வேகமாக வந்தாள். செம்பி ஓடிப்போய் முகத்தோடு முகம் முட்ட மறித்தாள்.

"போற பாதையில எதிர்ல வர்றியே, வெக்கமாயில்லை?" என்றாள் வந்தவள்.

"அப்புறமாத் திட்டு. எங்கேருந்து வர்றே, அதை மட்டும் சொல்லு."

"வேலமரத்துப் புத்துலேருந்து. நீ?"

செம்பியின் புற்றும் அதுதான்! "பனையடியிலேருந்து. பதநீர் சிந்திக் கிடக்கு."

"அங்கேதான் நானும் போகணும்."

ஒருத்தி விட்டுவந்த இடம், மற்றவள் சேர வேண்டிய இடம்.  செம்பி அவள் வந்த வழியிலும், அவள் செம்பி வந்த வழியிலும் ஓடினார்கள்.

செம்பி முக்கால்வாசி முட்டைகளை மேலே ஏற்றினாள். மிச்சம் தண்ணீரோடு போயிற்று. அதை நினைத்து வெகுநேரம் அழுதாள். திரும்பும் பாதைக்காகக் காத்திருந்தால் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது என்பது புற்றில் எல்லோருக்கும் தெரிந்தது. அந்தச் சட்டத்தை அன்றே கைவிட்டார்கள்.

அன்று முதல்தான் எறும்புகள் ஒரே சாரையில் போகவும் வரவும் செய்கின்றன. எவ்வளவு அவசரமானாலும் எதிரே வருபவளை முகம் தொட்டு நிறுத்தி, எங்கே போகிறாய் என்று கேட்காமல், எங்கிருந்து வருகிறாய் என்றே கேட்கின்றன.