பச்சைக்குள் எங்கோ

அந்த நாட்டின் அரசர் ஒரு வரைபடம் கேட்டார். படத்தில் பச்சை பூசிய இடத்தில் யாரும் மரம் வெட்டக் கூடாது, வலை விரிக்கக் கூடாது, ஏர் பூட்டக் கூடாது. பச்சை இல்லாத இடம் உழவுக்குப் போகும். படத்தின் நகல் ஒவ்வோர் ஊரின் வாசலிலும் தொங்கும். இதுதான் ஆணை.

பொறுப்பு மருதியிடம் வந்தது. படம் வரைவதில் அந்த நாட்டில் அவருக்கு மேல் ஆள் இல்லை. அவருடைய சீடர்களில் ஒருவன் தித்தன். படையில் நிலம் அளந்துவிட்டு, தலை நரைத்த பிறகு வந்து சேர்ந்தவன். குருவைவிட வயதில் மூத்தவன். அதனால் மருதி அவனைத் ‘தித்தரே’ என்றுதான் கூப்பிடுவார்.

தெற்கே இருந்த பெரிய சதுப்பை வரையத் தித்தன் போனான். மழைக்காலம் முடிந்த பிறகு திரும்பினான். படம் வரைந்த துணியை விரித்தான்.

“கரண்டிவாயன் இருக்கிறது, குருவே.”

நாட்டைவிட்டே போய்விட்டதாக எல்லோரும் நம்பிய பறவை அது. அதன் கொண்டை இறகைத் தலைப்பாகையில் செருகிக்கொள்ளப் பணக்காரர்கள் அலைந்தார்கள்.

சதுப்பின் நடுவில் ஒரு திட்டு. திட்டில் நீர்க்கடம்பு மரங்கள். மரங்களில் கூடுகள். தித்தன் எதையும் விட்டதாகத் தெரியவில்லை. நாணலுக்குள் போகும் வழி, தண்ணீரின் ஆழம், தோணியைக் கட்டும் இடம் எல்லாம் துணியில் இருந்தன. திட்டுக்கு மட்டும் பச்சை பூசியிருந்தான். அதன் பக்கத்தில் சிறிய எழுத்தில் தன் பெயரையும் எழுதியிருந்தான். ஒன்றை முதலில் கண்டவர் தன் பெயரை அதன் அருகே எழுதுவது படக்காரர்களின் வழக்கம். பிறகு அந்தப் பெயரே இடத்துக்கு நிலைத்துவிடும்.

மருதி குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“அருமையான படம்.”

“பாதி ஆயுளைப் படைக்குக் கோட்டைகள் வரைந்தே கழித்தேன். ஒன்றிலும் என் பெயர் இல்லை. இதில் இருக்கும்.”

மருதி எழுந்தார். மேலாடையை எடுத்துத் தலையில் முண்டாசாகக் கட்டினார்.

“கும்பிடுறேனுங்க! நான் இறகு வியாபாரி.”

தித்தன் விழித்தான். “என்ன குருவே இது?”

“குருவா? அது யாருங்க? ஊர் வாசல்ல உங்க படத்தைப் பார்த்தேன். உங்களுக்குக் கோயில் கட்டணும். இந்தப் பறவையைத் தேடிப்போய் என் ஆளுங்க முதலைகிட்ட கடி வாங்கினதுதான் மிச்சம். நீங்க என்னடான்னா தோணி கட்டுற இடம் வரைக்கும் போட்டுக் கொடுத்திருக்கீங்க!”

தித்தனுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது.

“அங்கே காவல் இருக்கும்.”

“இருக்கட்டுமே. காவலாளி தூங்குவான். படம் தூங்காதுங்களே.”

மருதி முண்டாசை அவிழ்த்துத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டார். தாடையை உயர்த்தினார்.

“இப்போது யார்?” என்று கேட்டான் தித்தன்.

“நில அதிகாரி. ஓய் படக்காரரே! பறவை இந்தத் திட்டில் மட்டும்தானே இருக்கிறது? ரொம்ப நல்லது. மீதிச் சதுப்பை வற்றவைத்து நெல் போட்டுவிடலாம்.”

“வற்றிவிட்டால் அது எதைத் தின்னும்?”

“எனக்கென்ன தெரியும்? பச்சை பூசியவர் நீர்தானே.”

தித்தன் தரையில் உட்கார்ந்தான்.

“கூடு அங்கேதான் இருக்கிறது, குருவே. கண்டதைத்தானே வரைய வேண்டும்?”

மருதி தன் குரலுக்குத் திரும்பியிருந்தார்.

“இரை எங்கே தேடியது?”

“சதுப்பு முழுவதும்.”

“நீங்கள் படுக்கும் பாயை மட்டும் வரைந்து, தித்தரின் ஊர் இதுதான் என்று நான் எழுதினால் ஒப்புக்கொள்வீர்களா?”

அவன் எழுந்தான். புதுத் துணி ஒன்றை எடுத்தான். சதுப்பின் வெளிக்கரையை மட்டும் கோடாக இழுத்தான். திட்டு இல்லை, வழி இல்லை, மரம் இல்லை. கரைக்குக் கரை பச்சை பூசத் தொடங்கினான். நடுவில் கை நின்றது.

“பறவை எங்கே என்று அமைச்சர் கேட்பார்.”

“பச்சைக்குள் என்று சொல்லுங்கள்.”

“நம்ப மாட்டார்.”

“என் முத்திரையை வைக்கிறேன்.”

படத்தில் பொய் இருந்தால் முத்திரை வைத்தவரின் கையை வெட்டுவது அந்த நாட்டுச் சட்டம்.

“விளையாடாதீர்கள், குருவே. நீங்கள் அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.”

மருதி பச்சைச் சாயத்தைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

“முதலில் கண்டவன் நான்,” என்றான் தித்தன். குரல் இறங்கியிருந்தது. “இந்தப் படத்தில் என் பெயரை எழுத இடமே இல்லையே.”

மருதி நிமிர்ந்தார்.

“திட்டின் மேற்குப் பக்கம் ஏறும்போது தண்ணீருக்கடியில் ஒரு வேர் இருக்கும். பாசி பிடித்தது. சின்ன வயதில் நான் அதில் கால் வைத்து விழுந்தேன். இன்றைக்கும் மழை வந்தால் முழங்கால் வலிக்கிறது. நீங்கள் விழாமல் ஏறினீர்களா?”

அந்த வேரைத் தித்தன் படத்தில் வரைந்திருக்கவில்லை. யாரிடமும் சொன்னதும் இல்லை.

அவன் தூரிகையைக் கீழே வைத்தான். பழைய துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனான்.