அரிசிப் பானைக்குள்ள ஒரு கிளி

ஒரு ஊர்ல ஒரு ஓரகத்தி இருந்தா. ஓரகத்தி ஒருத்தி இருந்தா, இன்னொருத்தியும் இருந்துதான ஆகணும்? அண்ணன் பொண்டாட்டி பேரு உலகம்மா. தம்பி பொண்டாட்டி பேரு கோமு. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரே சுவரு, அந்தச் சுவத்துல ஒரு கதவு. கேக்கியா மக்கா?

"ம்."

ஆங். அவங்க ஆசாரி வீட்டுப் பொம்பளைங்க. புருஷன்மாரு ரெண்டு பேரும் விடிஞ்சா நெலை, கதவுன்னு பெரிய வேலைக்குப் போயிருவாங்க. இவளுக ரெண்டு பேருக்கும் வீட்டுல ஆளுக்கொரு மிதி ரம்பம் உண்டு. தையல் மெஷின் மாதிரி காலால மிதிக்கணும். மிதிச்சா, நூல் மாதிரி மெல்லிசா ஒரு ரம்பம் மேலயும் கீழயும் ஓடும், கிர்ர்ர் கிர்ர்ர்னு. பலகையில டிசைன் தாளைப் பசை போட்டு ஒட்டி, கோட்டு மேலயே பலகையைத் திருப்பித் திருப்பி அறுத்தா பூ வரும், மீன் வரும், அன்னம் வரும். ஆனா ஒட்டின தாளு அதோட போச்சு. ரம்பம் அதையும் சேத்து அறுத்துப்போடும். அதனால அசல் தாளை யாரும் ஒட்ட மாட்டாங்க. அதுக்குப் பேரு தாய்த்தாள். அதைப் பத்திரமா வச்சுக்கிட்டு, அதுல இருந்து நகல் எடுத்து, நகலைத்தான் ஒட்டுவாங்க. தாய்த்தாளையே ஒட்டி அறுத்தா அந்த டிசைனே செத்துப்போகும். இதை மறந்துராத.

"ம்."

அந்தத் தாய்த்தாள் எல்லாம் மாமனாரு வரைஞ்சது. வயசாகி, கை நடுங்க ஆரம்பிச்சதும், அவரு ரெண்டு மருமகளையும் கூப்பிட்டு ஆளுக்கொரு துணி மூட்டை குடுத்தாரு. "ரெண்டு மூட்டையும் ஒண்ணுதான்மா. ஆனா இதை எப்படி எடுக்கணும்னா..." அப்படின்னு ஏதோ சொல்ல வந்தாரு. உலகம்மா நின்னாத்தான? கோமு மூட்டை பெருசா தன் மூட்டை பெருசான்னு ஓரக்கண்ணால பாத்துக்கிட்டே வீட்டுக்கு ஓடிட்டா.

அவுத்துப் பாத்தா எல்லாம் பாதி! பாதி யானை மூஞ்சி, பாதி குத்துவிளக்கு, பாதி தாமரை. "நல்லதை எல்லாம் சின்னவளுக்குக் குடுத்துட்டு, கிழிசலை என் தலையில கட்டிட்டீரே மாமா!" அப்படின்னு மூட்டையைத் தூக்கி ஒரு சாக்குல திணிச்சா. சாக்கைக் கட்டிலுக்கு அடியில வீசினா. தொம்! அதுக்கப்புறம் அதைத் திரும்பிக்கூடப் பாக்கல. மாமனாரும் கொஞ்ச நாள்ல போயிட்டாரு.

"எங்க?"

சாமிகிட்ட.

அப்புறம் இந்தக் கோமு என்ன செஞ்சா? மூங்கில் வெட்டிட்டு வந்து குழாய் குழாயா நறுக்கினா. ஒவ்வொரு குழாய்க்குள்ளயும் ஒரு தாய்த்தாளைச் சுருட்டி வச்சா. பூச்சி வரக் கூடாதுன்னு அடியில வேப்பிலையும் வசம்பும் போட்டா. வாயைத் துணியால கட்டினா. உள்ள என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்? அதுக்கு ஒவ்வொரு குழாய் வாயிலயும் நகத்தளவு மரத்துல ஒரு சின்ன உருவம் அறுத்துக் கட்டித் தொங்கவிட்டா. மீன் குழாய்க்கு மீன், அன்னத்துக்கு அன்னம், கிளிக்குக் கிளி. எல்லாத்தையும் சுவத்துல வரிசையா மாட்டினா. காத்தடிச்சா அந்தச் சின்ன உருவமெல்லாம் மூங்கில்ல மோதும். டக டக டக டக.

இங்க உலகம்மாவுக்கு வயிறு திக திக திக திகன்னு எரியும்.

ஏன்னா, ஊரு சனம் வந்து "அன்னம் இருக்காம்மா?"ன்னு கேட்டா, கோமு திரும்பிக்கூடப் பாக்காம கையை நீட்டுவா, சர்ருனு தாளு வெளிய வரும். உலகம்மாகிட்ட கேட்டா, "இருங்க, வரைஞ்சு தாரேன்"ன்னு குத்துமதிப்பா வரைவா. அறுக்கிறதுல அவ கையை அடிச்சுக்க ஆளே கிடையாது. கோமு அறுத்தா ஓரம் கொஞ்சம் சொரசொரன்னு இருக்கும், உலகம்மா அறுத்தா வெண்ணெய்தான். ஆனா வரையத்தான் வராது. ஒரு தடவை ஒரு அம்மா மீன் கேட்டு வந்தா. அறுத்துக் குடுத்ததை வாங்கிப் பாத்துட்டு, "ஏம்மா, கத்தரிக்காய்க்கு எதுக்குக் கண்ணு வச்சிருக்க?"ன்னு கேட்டுட்டா!

சிரிக்காத. தூக்கம் கலைஞ்சிரும்.

அப்போ உலகம்மா நெனச்சா, "இவ்வளவும் அந்தக் குழாய் பண்ணுத வேலை. அதைக் கலைச்சுவிட்டா இவ என்ன பண்ணுதான்னு பாப்போம்." கோமு தண்ணிக்குப் போன நேரம், பைய நடுக்கதவைத் தொறந்து போனா. மீனை அவுத்து யானைக் குழாயில கட்டினா. யானையை அவுத்து மீன் குழாயில கட்டினா. வந்து சுவத்துல காதை வச்சுக்கிட்டு உக்காந்தா. ஒருத்தர் வந்து மீன் கேட்டாரு. கோமு கையை நீட்டினா, சர்ர், யானை வந்துச்சு. "அட, யானையா!"ன்னாரு அவரு. "மீனை விட இது ஜோரா இருக்கே. ரெண்டையும் அறுத்துக் குடும்மா!" கோமுவுக்கு ரெண்டு வேலை கெடச்சுது. உலகம்மாவுக்குக் காது வலிதான் மிச்சம்.

அப்புறம் விட்டாளா? விடல. வெல்லத்தைக் கரைச்சுத் தூக்குச்சட்டியில எடுத்துட்டுப் போயி, ஒவ்வொரு குழாய் வாயிலயும் தடவிவிட்டா. எறும்பு வந்து தாளை அரிக்கட்டும்னு. எறும்பும் வந்துச்சு, சாரை சாரையா. வந்து குழாய்க்குள்ள எட்டிப் பாத்துச்சு. வேப்பிலைக் கசப்பும் வசம்பு வாடையும் குப்புன்னு மூஞ்சியில அடிச்சுது. ச்சீன்னு திரும்பிட்டு. திரும்பின எறும்பு சும்மா போகுமா? உலகம்மா வழியெல்லாம் வெல்லத்தண்ணியைச் சிந்திட்டுல்லா போயிருக்கா. அதை நக்கிக்கிட்டே நேரா அவ அடுப்படிக்கு வந்து, அவ புருஷனுக்கு வச்சிருந்த அதிரசத்துல ஏறிருச்சு.

"எல்லாத்தையும் தின்னுட்டா?"

எல்லாத்தையும். சரி, இனிமேதான் கிளி வருது. கண்ணை மூடிக்கிட்டே கேளு.

"ம்."

அந்த ஊர்ல தலையாரி வீட்டுல கல்யாணம். தலையாரி பொண்டாட்டி சிவஞானம்மா ஓரகத்தி ரெண்டு பேரு வாசலுக்கும் நடுவுல வந்து நின்னா. "எங்க வீட்டுல பொண்ணை ஜோடிக்கிளி ஊஞ்சல்லதான் உக்கார வைப்போம். என் மாமியாளும் அதுலதான் உக்காந்தா, நானும் அதுலதான். அந்த ஊஞ்சலைக் கரையான் தின்னுட்டு. உங்க மாமனாரு அறுத்த கிளியாச்சே. அதே கிளி வேணும். உங்கள்ல யாருகிட்டம்மா இருக்கு?"

"என்கிட்ட இருக்கு அத்தை"ன்னா கோமு. டக டக டகன்னுச்சு காத்து.

உலகம்மா முகம் கறுத்துப்போச்சு. இந்தக் கிளி போற ஊஞ்சலை ஊரே பாக்கும். காலம் பூரா கோமு கிளி, கோமு கிளின்னு பேசும். அன்னைக்கு மத்தியானம் கோமு கொஞ்சம் கண்ணசந்த நேரம், கிளிக் குழாயைத் தொறந்து தாளை உருவிட்டு வந்துட்டா.

விரிச்சுப் பாத்தா, ஒரே ஒரு கிளி. கொப்புல உக்காந்திருக்கு, கொப்பு பாதியோட நிக்குது. "இன்னொரு கிளி எங்க? கள்ளி, அதை வேற எங்கயோ ஒளிச்சு வச்சிருக்கா. இருக்கட்டும், ஒண்ணை வச்சு என்ன பண்ணிருவா?" சரி, இந்தத் தாளை இப்போ எங்க ஒளிக்க? எரிச்சா வாடை வரும். கிழிச்சா துண்டு கெடக்கும். அப்போ அவளுக்கு ஒண்ணு தோணுச்சு. ஒட்டி அறுத்துட்டா? தாளே இருக்காதே!

மைதாப் பசையைத் தடவினா. தாய்த்தாளை ஒட்டினா. மிதிச்சா. கிர்ர்ர்... கிர்ர்ர்... கிர்ர்ர்...

"ஐயோ."

ஐயோதான். ஆனா மக்கா, அறுக்க அறுக்க அவ கோவமே அடங்கிப்போச்சு. அந்தக் கழுத்து வளைவு, அந்த மூக்கு, றெக்கையில ஒவ்வொரு கோடும். அவ ஜென்மத்துல அப்படி ஒண்ணை அறுத்ததில்ல. அறுத்து முடிச்சுக் கையில எடுத்தா, பறக்கப்போற மாதிரி இருக்கு. அடுப்புல போடலாம்னு போனா. கை வரல. அரிசிப் பானைக்குள்ள புதைச்சு வச்சுட்டா.

சாயங்காலம் நடுக்கதவு தொறந்துச்சு. கோமு. கண்ணெல்லாம் செவந்திருக்கு.

"அக்கா, கிளியைக் காணோம்."

"கிளின்னா பறந்துதான போகும்?"

"விளையாடாதிய அக்கா. உங்க கிளியைக் கொஞ்சம் குடுங்க, நகல் எடுத்துட்டுத் தந்துருதேன்."

"என்கிட்ட ஏதுட்டி கிளி?"

"ஏன், உங்க மூட்டையில இருக்குமே? மாமா ஒவ்வொரு டிசைனையும் நடுவுல கிழிச்சு, இடது பாதியை எனக்கும் வலது பாதியை உங்களுக்கும்தான குடுத்தாரு. நகல் எடுக்கும்போது தாளை ரெண்டா மடிச்சுக்கிட்டா மறு பாதி தானா வந்துரும். ஒத்தைக் கிளி ஜோடியாயிரும். உங்களுக்குத் தெரியாதா?"

உலகம்மா கட்டில் பக்கம் திரும்பிப் பாத்தா. அப்போ ரெண்டு மூட்டையும் ஒண்ணா? இத்தனை காலமும் கட்டிலுக்கு அடியிலயா கெடந்துச்சு எல்லாம்? "இதை ஏன் நீ என்கிட்ட சொல்லல?"

"நீங்க என்கிட்ட பேசினாத்தான சொல்லுததுக்கு?"

ரெண்டு பேருமா சேந்து சாக்கை வெளிய இழுத்தாளுக. தூக்கினா, கனமே இல்ல. வாயை அவுத்தா பொலபொலபொலன்னு மண்ணு. கரையான், மக்கா. யானையும் போச்சு, விளக்கும் போச்சு. கிளியில மிச்சம் இருந்தது விரல் நீளத்துக்கு ஒரு வாலு மட்டும்தான்.

கோமு அப்படியே தரையில உக்காந்துட்டா. "போச்சு அக்கா. இனி உலகத்துல அந்தக் கிளி இல்ல."

உலகம்மா மனசுக்குள்ள ஒரு கொரலு, "நல்லதாப் போச்சு. உனக்கும் இல்ல, அவளுக்கும் இல்ல. நீ வாயைத் தொறக்காத." இன்னொரு பக்கம் அரிசிப் பானை கண்ணு முன்னால வந்து வந்து நிக்குது.

அப்போ கோமு மூக்கை உறிஞ்சிக்கிட்டு ஒரு கரித்துண்டை எடுத்தா. "இனிமே ஞாபகத்துல இருந்துதான் வரையணும்"ன்னு தரையில வரைஞ்சா. ஒரு மூக்கு, ஒரு தொந்தி, ரெண்டு காலு. வரைஞ்சு முடிச்சா... கோழி! அச்சு அசல் கோழி!

உலகம்மாவுக்குப் பொறுக்கல. தன் கையால அறுத்த அந்தக் கிளி அரிசிக்குள்ள கெடக்கும், இவ கோழி ஊஞ்சல்ல ஏறும், ஊரு அதையும் பாத்து கோமு கிளி, கோமு கிளின்னு கொண்டாடுமா? "தள்ளுட்டி!"ன்னா. வெடுக்குன்னு எழுந்திருச்சுப் போயி, பானைக்குள்ள கையை விட்டா. அரிசி சிந்தச் சிந்த, கிளியைக் கொண்டுவந்து கோமு மடியில போட்டா.

கோமு அதைத் திருப்பிப் பாத்தா. கிளி முதுகுல மாமனாரு கோடு போட்ட தாளு இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு. அவளுக்கு எல்லாம் வெளங்கிப்போச்சு.

"எறும்பும் நீங்கதானா?"

"ம்"ன்னா உலகம்மா. இப்போ நீ சொல்லுத மாதிரியே.

"யானையும்?"

"ம்."

"இனி என் குழாயில கை வச்சிய, அந்தக் கையை ஒடிச்சிருவேன்"ன்னா கோமு. கிளியை இன்னொரு தடவை தடவிப் பாத்தா. கண்ணு கலங்கிருச்சு. "பாவி அக்கா, இந்தக் கழுத்தை எப்படி அறுத்திய? என் ஜென்மத்துக்கும் எனக்கு இது வராதே."

மக்கா, அன்னைக்குத்தான் உலகம்மாவுக்குத் தெரிஞ்சுது, சுவத்துக்கு அந்தப் பக்கமும் ஒரு வயிறு எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்திருக்குன்னு. சந்தோஷமா இருந்துச்சு அவளுக்கு. ரொம்பச் சந்தோஷமா.

அப்புறம் என்ன, மரக்கிளியைப் பலகை மேல வச்சு, சுத்திக் கோடு போட்டாளுக. ஒரு கிளி ஆச்சு. திருப்பிப் போட்டுக் கோடு போட்டாளுக. ஜோடி ஆச்சு. ஆளுக்கொண்ணு அறுத்தாளுக. இந்தப் பக்கம் கிர்ர்ர், அந்தப் பக்கம் கிர்ர்ர். கல்யாணப் பொண்ணு ஊஞ்சல்ல ஆடினா. ரெண்டு கிளியும் மூஞ்சியை மூஞ்சி பாத்துக்கிட்டு ஆடுச்சு.

"உங்க கிளி கொஞ்சம் ஒல்லி"ன்னா கோமு, காதுக்குள்ள.

"உன் கிளிக்குத் தொந்தி"ன்னா உலகம்மா.

அதுக்கப்புறம் கோமு எல்லா டிசைனுக்கும் ஒவ்வொரு நகல் எடுத்துக் குடுத்தா. உலகம்மாவும் மூங்கில் வெட்டினா. கோமு குழாயை விட ஒரு விரக்கடை நீளமாத்தான் வெட்டினா, பாத்துக்கோ. ஆனா அந்த மரக்கிளி? அது யாரு வீட்டுல இருக்கணும்னு ஒரே சண்டை. கடைசியில நடுக்கதவுக்கு மேல ஆணி அடிச்சு, ஒரு கயித்துல தொங்கவிட்டாளுக. உலகம்மா அந்தப் பக்கம் போனா, அதைத் தன் வீட்டைப் பாக்கத் திருப்பி விட்டுட்டுப் போவா. கோமு வந்தா, தன் வீட்டைப் பாக்கத் திருப்பிக்கிடுவா. இவ திருப்ப, அவ திருப்ப, இவ திருப்ப, அவ திருப்ப...

மக்கா?

...

கிளிக்குத் தலை சுத்தித் தூங்கிப்போச்சு. நீயும் தூங்கிட்ட. கதையை இந்த ஆணியிலயே மாட்டிட்டேன்.