கோட்டை மண்

"உஸ்தாத், பூவெல்லாம் போயிடுச்சு!"

இனாயத்துல்லா குடுவையைக் கொண்டுவந்து தாஹிரா பீயின் முன்னால் வைத்தார்.

இனாயத்துல்லாவுக்கு வயது ஐம்பது. குல்பர்காவில் நகை வேலைக்குப் பேர் போன மனிதர். கடையைப் பூட்டிவிட்டு பீதருக்கு வந்து, மகள் வயதுள்ள தாஹிரா பீயிடம் வெள்ளி பதிக்கும் வேலை கற்றுவந்தார். ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

இந்த ஹூக்கா குடுவை தேறினால் அவள் பட்டறையில் இடம். தேறாவிட்டால் சிரித்தவர்கள் முகத்தில் போய் விழிக்க வேண்டும்.

துத்தநாகக் குடுவையில் பூவும் கொடியுமாகக் குழி வெட்டி, வெள்ளிக் கம்பியை அடித்து இறக்கியிருந்தார். அரம் போட்டு ராவியதும் எல்லாமே ஒரே வெளுப்பு. கொடி எது, குடுவை எது, தெரியவில்லை.

"அப்புறம் என்ன செஞ்சீங்க பாய்?"

"வெள்ளி மின்னட்டும்னு மெருகு போட்டேன்."

"மின்னிச்சா?"

"இல்லை. மறுபடியும் போட்டேன்."

அவள் நகத்தால் தடவிப் பார்த்தாள். "கம்பி தேய்ஞ்சிருக்கு. இன்னும் ரெண்டு தடவை தேய்ச்சா வெள்ளியே இருக்காது."

"முப்பது வருஷமா வேறென்ன செஞ்சேன்? வெள்ளியைத் தேய்ச்சேன், மின்னிச்சு!"

அவள் பானையிலிருந்து மண் எடுத்தாள். பீதர் கோட்டையில் வெயிலும் மழையும் படாத அறையிலிருந்து எடுத்த மண். ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துப் பார்த்து, அவரிடமும் நீட்டினாள்.

"கரிக்குது," என்றார், முகத்தைச் சுளித்து.

"அப்போ நல்ல மண்."

மண்ணோடு நவச்சார உப்பும் தண்ணீரும் சேர்த்துக் கொதிக்க வைத்தாள். "குடுவையை உள்ளே விடுங்க."

"சேத்துலயா? வெள்ளியையா?"

கை வரவில்லை. நகைக்காரக் கையல்லவா, அழுக்கென்றாலே பின்வாங்கும்.

"விடுறீங்களா, ஊருக்குப் போறீங்களா?"

பிஸ்மில்லா சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு விட்டார்.

கொஞ்ச நேரத்தில் அவளே எடுத்துக் கழுவினாள். குடுவையின் துத்தநாகம் மட்டும் கன்னங்கரேல் என்று ஆகியிருந்தது. அதன்மேல் அத்தனை கொடியும், அத்தனை பூவும், ஒன்று விடாமல் வெள்ளை வெளேரென்று நின்றன.

இனாயத்துல்லா அழுதார். வெட்கப்படாமல் அழுதார்.

"அந்த ஜன்னல் பக்கம் உட்காருங்க பாய். இனிமே அது உங்க இடம்."

உட்கார்ந்தார். குடுவையை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மனசு அடங்கவில்லை.

"உஸ்தாத், இந்த வெள்ளியை என்ன செஞ்சீங்க?"

தாஹிரா பீ அடுத்த குடுவையைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளியையா? ஒண்ணுமே செய்யலையே."