பழைய காது

இந்தக் கதையில் குருவுக்கு முப்பத்து மூன்று வயது. சீடருக்கு ஐம்பத்திரண்டு.

குருவின் பெயர் நஸ்ரின். பீளமேட்டில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, எங்கெங்கோ இருக்கிற ஆலைகளின் இயந்திரங்களை லேப்டாப் வழியாகக் கண்காணிப்பது அவர் வேலை. சீடர் மருதாசலம். நூற்பாலை இயந்திரங்களைப் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் தலைமைப் பொறியாளராக இருந்தவர். கோயம்புத்தூர்க் கிளையை மூடிவிட்டார்கள். அவருக்கு வேலை போய்விட்டது.

நஸ்ரின் படித்து முடித்த கையோடு பயிற்சிக்கு வந்து சேர்ந்தது மருதாசலத்திடம்தான். முறைப்படி பார்த்தால் அவர்தான் குரு. ஆனால் வேலை போனவர்கள் முறை பார்ப்பதில்லை. மருதாசலம் ஒருநாள் அந்த மாடி அறைக்கே வந்துவிட்டார்.

"வேலை தேடற எல்லாரும் இருக்கிற அந்தப் பெரிய இணையதளத்துல நானும் இருக்கேன்மா. போட்டோ போட்டேன். அனுபவம் எல்லாம் எழுதினேன். தினமும் பார்க்கிறேன். ஒருத்தரும் எட்டிப் பார்க்கிறதில்லை. உனக்கு மட்டும் எப்படி வேலை வீடு தேடி வந்துச்சு?"

நஸ்ரின் தன் காதில் இருந்த ஹெட்போனைக் கழற்றி அவரிடம் கொடுத்தார். லேப்டாப்பில் எதையோ தட்டினார்.

மருதாசலம் கண்ணை மூடிக்கொண்டார்.

"கார்டிங் மெஷின். பெல்ட் தளர்ந்திருக்கு. ஸ்டார்ட் பண்றப்ப மட்டும் கத்துது பாரு, வேகம் பிடிச்சதும் அடங்கிடுது. எந்த மில்லு இது?"

"தெரியலைங்க சார். யாரோ ஒருத்தர் போட்டிருக்காங்க. இந்த மாதிரி சத்தத்தைப் பதிவு பண்ணிப் போட்டு, என்ன கோளாறுன்னு கேட்கிறதுக்குன்னே ஒரு சின்ன தளம் இருக்கு. எனக்கு வேலை அங்கிருந்துதான் வந்துச்சு."

"சின்னதுன்னா?"

"மொத்தப் பேரையும் கூப்பிட்டா ஒரு கல்யாண மண்டபத்துல பாதி நிறையும்."

மருதாசலத்தின் முகம் விழுந்தது. "அவ்வளவுதானா?"

"சார், இப்ப நீங்க பெல்ட்டுன்னு சொன்னீங்களே, அதுக்கு முன்னாடி நான் உங்க அனுபவத்தைக் கேட்டேனா?"

அவர் எழுந்து வீட்டுக்குப் போனார்.

அடுத்த வாரம் உற்சாகமாக வந்தார். "சேர்ந்துட்டேன்மா. அதுல மட்டும் இல்ல, தேடித் தேடிச் சின்னத் தளமாப் பார்த்து எல்லாத்துலயும் சேர்ந்துட்டேன். மாடித்தோட்டக்காரங்க தளத்துலகூட."

"தோட்டக்காரங்ககிட்ட உங்களுக்கு என்ன சார் வேலை?"

"கூட்டம் கம்மியா இருந்துச்சு."

நஸ்ரின் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சத்தத் தளத்துல என்ன போட்டீங்க?"

"சத்தம்தானே போடணும்? என் பயோடேட்டாவை நானே வாசிச்சுப் பதிவு பண்ணிப் போட்டுட்டேன்."

நஸ்ரின் அதைத் திறந்து ஓடவிட்டார். 'வணக்கம். என் பெயர் மருதாசலம். நூற்பாலை இயந்திரப் பராமரிப்பில் நீண்ட அனுபவம் உடையவன். கூட்டு முயற்சியிலும் கடின உழைப்பிலும் நம்பிக்கை உள்ளவன்...' நிறுத்தி நிதானமாக, பள்ளிக்கூடத்துப் பேச்சுப்போட்டி போல வாசித்திருந்தார்.

அதன் கீழே ஒரே ஒரு பதில் வந்திருந்தது. யாரோ ஒரு பெண் எழுதியது. 'உங்கள் தலைக்கு மேல் ஓடுகிற ஃபேனில் பேரிங் தேய்ந்துவிட்டது. சீக்கிரம் மாற்றிவிடுங்கள்.'

நஸ்ரின் திரும்பிப் பார்த்தார். மருதாசலத்தின் காதுமடல் சிவந்திருந்தது.

"நேத்து ஃபேனுக்குக் கீழே நின்னு கேட்டேன்மா. ஆமா, பேரிங்தான். எத்தனை நாளா ஓடிட்டிருக்கோ தெரியலை. என் தலைக்கு மேல. எனக்குக் கேட்கவே இல்லை."

"ஏன் சார்?"

"நான்தான் பேசிட்டே இருந்தேனே."

குரு டீ போட எழுந்து போனார். டீயைக் கையில் கொடுக்கும்போது மட்டும் சொன்னார்: "கொஞ்ச நாள் கேளுங்க சார்."

மருதாசலம் அந்தப் பதிவை அழித்தார். தோட்டக்காரர்களிடம் இருந்து விடைபெற்றார். சத்தத் தளத்தில் தன் கணக்கையே நீக்கிவிட்டு, வேறு பெயரில் புதிதாக நுழைந்தார். 'பழைய காது.' படம் இல்லை, ஊர் இல்லை.

அதன் பிறகு கேட்க ஆரம்பித்தார். காலையில் குளித்துவிட்டு ஹெட்போனை மாட்டினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் கழற்றுவார். முதலில் தயங்கித் தயங்கி ஒரு வரி எழுதினார். பிறகு விளக்கமாக எழுதினார். தெரியாததைத் தெரியவில்லை என்றே எழுதினார். ஒருமுறை கியர்பாக்ஸ் என்று அடித்துச் சொன்னது தவறாகிப்போனது. கப்ளிங் தேய்மானம் என்று பிரித்துப் பார்த்தவர் வந்து சொன்னார். ஏன் அப்படித் தவறாகக் கேட்டேன் என்று மருதாசலம் ஒரு பக்கம் எழுதினார். அதைத்தான் நிறையப் பேர் படித்தார்கள்.

'காது சார், இதைக் கொஞ்சம் கேளுங்க' என்று எழுத ஆரம்பித்தார்கள். சிலர் 'காது அண்ணா' என்றார்கள். ஃபேன் பேரிங்கைக் கண்டுபிடித்த பெண்ணே ஒருநாள், 'காது சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்' என்று யாருக்கோ எழுதியிருந்தார். அன்று மருதாசலம் மனைவியிடம் கூடுதலாக ஒரு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வெளியே நிலைமை மாறவில்லை. உறவினர் வீட்டு விசேஷங்களில், "இப்ப என்ன பண்றீங்க?" என்று கேட்டால், "கன்சல்டிங்" என்று சொல்லிவிட்டுப் பந்திக்கு நகர்ந்துவிடுவார். மகள் கல்லூரியில் கடைசி வருடம். சேமிப்பு கரைந்துகொண்டே வந்தது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாததுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலையில் மாடிப்படிகளை வேகமாக ஏறி வந்தார். மூச்சு வாங்கியது.

"திண்டுக்கல் பக்கம் ஒரு மில்லு. மேனேஜர் பேரு ஜெயசீலன். ரிங் ஃப்ரேம் ஒண்ணு ரெண்டு மாசமாத் தகராறு பண்ணிட்டிருக்கு, நூல் அறுந்துட்டே இருக்குன்னு சத்தத்தைப் போட்டிருந்தார். நாலஞ்சு தடவை வேற வேற இடத்துல போனை வெச்சுப் பதிவு பண்ணச் சொன்னேன். கடைசியில பிடிச்சுட்டோம். இப்ப நல்லா ஓடுதாம்."

"நல்லது சார்."

"அதுக்கில்ல. இதைப் படி." போனை நீட்டினார்.

'காது சார், எங்கள் மில்லுக்குப் பராமரிப்புத் தலைவர் ஒருவர் வேண்டும். உங்களுக்குத் தெரிந்த நல்ல ஆள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நீங்கள் கை காட்டுகிற ஆளை எடுத்துக்கொள்கிறோம். திங்கட்கிழமைக்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.'

நஸ்ரின் முகம் மலர்ந்தது. "என்ன பதில் போட்டீங்க?"

"இன்னும் அனுப்பலை. அடிச்சு வெச்சிருக்கேன்."

நஸ்ரின் திரையைக் கீழே தள்ளிப் பார்த்தார். அனுப்பப்படாத பதிலில் நாகமாணிக்கம் என்ற பெயரும் ஒரு போன் நம்பரும் இருந்தன.

"இது நம்ம நாகமாணிக்கமா? உங்ககிட்ட ஜூனியரா இருந்தவரு?"

"அவன்தான். நல்ல பையன். பொறுப்பானவன்."

"அவரு திருப்பூர்ல வேலையில இருக்காரே சார்?"

"இருக்கான். அதைவிட நல்ல இடம்னா வரமாட்டானா?"

"உங்க பேரு ஏன் இல்லை?"

மருதாசலம் நாற்காலியில் உட்கார்ந்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"நீதானே என்னைப் பத்திப் பேச வேண்டாம்னு சொன்னே?"

"நான் எங்க சார் அப்படிச் சொன்னேன்? கேளுங்கன்னுதான் சொன்னேன். பேரை மறைச்சது நீங்க."

"சரி, நான்தான். முதல் தடவை அவமானப்பட்டேன், மறைச்சேன். ஆனா இப்ப விஷயம் அது இல்ல." குரலைத் தாழ்த்தினார். "அங்க இருக்கிறவங்க என்னை என்னன்னு நெனச்சிட்டிருக்காங்க தெரியுமா? ரிட்டயர் ஆன பெரிய மனுஷன், ஒண்ணும் எதிர்பார்க்காமச் சொல்லித் தர்றாருன்னு. அந்த ஜெயசீலன் ஒரு தடவை அப்படியே எழுதினார். நான் இல்லைன்னு சொல்லலை. இப்பப் போய், ஐயா நானே வேலை இல்லாம உட்கார்ந்திருக்கேன், என்னையே எடுத்துக்கோங்கன்னா என்ன நினைப்பாங்க? இதுக்குத்தான் இவ்வளவு நாளாத் தூண்டில் போட்டுட்டு உட்கார்ந்திருந்தானான்னு தோணாதா?"

"தூண்டிலா போட்டீங்க?"

"அதுதான்மா எனக்கே தெரியலை." அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "வேலைக்காகத்தான் உள்ள போனேன். அது உண்மை. அப்புறம் சத்தம் கேட்க ஆரம்பிச்சதும் வேலையை மறந்துட்டேன். அதுவும் உண்மை. சில நாள் பதில் எழுதறப்ப, இதை எந்த மேனேஜராவது பார்ப்பாரான்னு ஒரு நினைப்பு வரும். சில நாள் வராது. இதுல எது நான்னு ராத்திரி பூரா யோசிச்சேன். கிடைக்கலை. மனசுல கலப்படம் இருக்கிறவன் அந்தப் பேரை வெச்சு லாபம் பார்க்கக் கூடாதில்லையா? அதான் நாகமாணிக்கம் பேரை அடிச்சேன்."

ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரியைப் பின்னால் எடுக்கிற சத்தம் கேட்டு ஓய்ந்தது.

"சார், அந்த ரிங் ஃப்ரேம் இப்ப ஓடிட்டிருக்கா?"

"ஓடுது. நேத்துகூட ஜெயசீலன் பதிவு பண்ணி அனுப்பினார். சுத்தமா இருக்கு சத்தம்."

"நூல் அறுபடுதா?"

"இல்லைன்னார்."

நஸ்ரின் போனை அவர் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"சரி பண்ணினவருக்கு வேலை இல்லைன்னு தெரிஞ்சா, அது நின்னுடுமா சார்?"

மருதாசலம் போனைப் பார்த்தார். நாகமாணிக்கத்தின் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார்.