நெஞ்சுப்பூப் பாத்தியும் காட்டுப்பன்றியின் மூக்கும்

மலைச்சரிவில் இருந்த ஒரு காட்டில், நண்பகலிலும் வெயில் தரையைத் தொடாத இடம் ஒன்றே ஒன்றுதான். அது ஒரு பெரிய நாவல் மரத்தின் அடி.

அங்கே பொடிச்சி என்ற சருகுமான் தன் குட்டியோடு குடியிருந்தது. முயலைவிடச் சற்றே பெரிய உடம்பு. யாரைக் கண்டாலும் நடுங்கும். ஆனால் எடுத்த வேலையில் பிசகாது. மரத்தடியில் மக்கிய இலைகளை நிரப்பி, ஒன்பது நெஞ்சுப்பூச் செடிகளை ஒரே வரிசையில் வளர்த்திருந்தது. குளிர் போனதும் அவை பூக்கும். சின்னச் சின்ன இதயங்களைக் கோத்து மாட்டியதுபோல் சிவப்புப் பூக்கள் தொங்கும்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. நட்டது உயிரோடு இருக்கும்வரை நிலம் நட்டவருக்கு. நட்டது செத்துவிட்டால், முதலில் கேட்பவருக்கு.

கோடை வந்தது. செடிகள் மஞ்சளாகி, வாடி, தரையோடு மறைந்தன. நெஞ்சுப்பூவின் இயல்பு அது. வெயில் காலத்தில் கிழங்கு மண்ணுக்குள் தூங்கும்; மழை வந்தால் முளைக்கும்.

கோரன் என்ற காட்டுப்பன்றிக்கு அந்த ஈர நிழலின்மேல் வெகுநாளாகக் கண். அது நேரே யானைத் தலைவியிடம் போய் முறையிட்டது. காட்டில் வழக்குத் தீர்ப்பது அந்த யானைதான்.

மறுநாள் யானை வந்து பாத்தியருகே நின்றது.

"பாருங்கள் பெரியம்மா! ஒரு பச்சை இலை உண்டா? எல்லாம் செத்து மண்ணாகிவிட்டன. இவள் வெறும் மண்ணுக்குக் காவல் இருக்கிறாள்!" என்றது கோரன்.

"சாகவில்லை பெரியம்மா, தூங்குகின்றன" என்றது பொடிச்சி. குரல் பாதிதான் வெளியே வந்தது.

"தூங்குகின்றனவா? குறட்டைச் சத்தம் கேட்கவில்லையே!"

குட்டி தாயின் வயிற்றடியில் ஒண்டிக்கொண்டது. நிழலைத் தாண்டினால் செந்நாய்கள் திரியும் திறந்தவெளி. குட்டிக்கு இன்னும் சரியாக ஓட வராது. இடம் போனால் குட்டியும் போய்விடும் என்று பொடிச்சிக்குத் தெரியும்.

யானை சொன்னது: "எனக்கு இரண்டு பேரும் ஒன்றுதான். கண்ணால் பார்த்தால் நம்புவேன். ஒரு கிழங்கைத் தோண்டிக் காட்டு."

"இந்த வெயிலில் தோண்டினால் பிழைக்காது பெரியம்மா. முறுக்குப்போல் தொட்டாலே ஒடியும்."

"நல்ல சாக்கு!" என்றது கோரன்.

"காட்டாவிட்டால் இடம் அவனுக்கு" என்றது யானை.

பொடிச்சி ஒரு குளம்பைத் தூக்கியது. எதைச் சாகக் கொடுப்பது? முதல் செடியையா, கடைசிச் செடியையா? ஒன்றைக் காட்டினால், மீதி எட்டும் செத்தவைதான் என்று கோரன் சாதிக்காதா?

அப்போது பின்னால் 'மடக்' என்று ஒரு சத்தம். பொடிச்சி திரும்பிப் பார்த்தது. கோரன் எச்சில் விழுங்கிக்கொண்டிருந்தது.

தூக்கிய குளம்பைப் பொடிச்சி மெல்லக் கீழே வைத்தது.

"பெரியம்மா, தோண்டுவதற்கு முன் ஒரே ஒரு வேண்டுகோள். கோரன் அண்ணன் மூக்கைத் தரையில் வைத்தபடி இந்தப் பாத்தியின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடக்கட்டும். வெறும் மண் என்றால் எங்கும் நிற்காமல் போய்விடுவார். அப்படிப் போய்விட்டால், நான் இப்போதே குட்டியோடு கிளம்பிவிடுகிறேன்."

"இவ்வளவுதானா? இதோ!" என்று சிரித்தது கோரன். பிறகு ஆழமாக மூச்சை இழுத்து, அடக்கிக்கொண்டு, மூக்கைத் தரையில் வைத்தது.

முதல் செடியின் இடத்தைக் கடந்தது. இரண்டாவதைக் கடந்தது. மூன்றாவதையும் கடந்தது. பொடிச்சி குட்டியை இன்னும் ஒட்டி நின்றது.

நான்காவது இடத்தில் கோரனின் கன்னங்கள் உப்பின. கேலியாக ஏதோ சொல்ல நினைத்தது. வாயைத் திறக்க முடியவில்லை. ஐந்தாவதில் கண்கள் சிவந்தன. வேகமாக நடந்தது.

"மெதுவாக நட கோரா. உன்னை யார் துரத்துகிறார்கள்?" என்றது யானை.

ஆறாவது இடத்தில் மூச்சு 'புஸ்' என்று வெளியே போனது. போன மூச்சை உள்ளே இழுத்துத்தானே ஆகவேண்டும்? இழுத்தது. ஈர மண்ணுக்குள்ளிருந்து புதுக்கிழங்கின் வாசனை மூக்கை நிறைத்தது.

கோரன் நின்றது. ஒரு காலை முன்னே வைக்கப் பார்த்தது. கால் நகரவில்லை. வால் விறைத்தது. அடுத்த நொடி, மூக்கு மண்ணுக்குள் இறங்கியது! மண் சிதறியது. வெள்ளை வெளேரென்று ஒரு கிழங்கு, சாறு கசிய, இரண்டாகப் பிளந்து கிடந்தது.

யானையின் துதிக்கை கோரனின் பின்னங்காலைச் சுற்றி, வெளியே இழுத்துப் போட்டது.

"செத்த கிழங்குக்கா இந்தப் பாய்ச்சல்?"

"அது... வந்து... மண்ணைத்தான் மோந்து பார்த்தேன் பெரியம்மா."

"முதலில் வாயைத் துடை. பிறகு பேசு."

கோரன் அவசரமாக வாயைத் தரையில் தேய்த்தது.

"நட்டது உயிரோடு இருக்கிறது. இடம் இவளுக்கே. இந்த நிழலில் இனி உன் குளம்படி ஒன்றைக் கண்டாலும், தூக்கி ஆற்றுக்கு அந்தப் பக்கம் எறிந்துவிடுவேன். ஓடு!" என்றது யானை.

பொடிச்சி இதைக் கேட்டதோ இல்லையோ, பிளந்த கிழங்கை மூக்கால் சேர்த்துவைத்து, அதன்மேல் ஈர இலைகளைத் தள்ளி மூடிக்கொண்டிருந்தது.

மழை வந்தது. எட்டுச் செடிகள் முளைத்தன. அது ஒன்று மட்டும் முளைக்கவில்லை.

நீதி: பொய் சொல்லும் வாயை அதன் பேராசையே காட்டிக்கொடுத்துவிடும்.